வழி கேட்பவனும் வசனமும்

வழி கேட்பது அறியாமையின் காரியம் மட்டுமல்ல. ஊர் தெரியாதவன் வழி கேட்கிறான். ஊர் தெரிந்தும் போகத் தயங்குகிறவனும் வழி கேட்கிறான். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தில் கேட்பதால் இரண்டு கேள்விகளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். கடவுளிடம் வழி கேட்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது இந்த வித்தியாசத்தை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. கேட்கப்படுகிற தெய்வம் எது, புத்தகம் எது என்பதைவிடக் கேட்கிறவன் இந்த இருவரில் யார் என்பதுதான் பெரும்பாலும் பதிலைத் தீர்மானிக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் வழி கேட்கும் முறைகள் பல. கோடாங்கியிடம் போய்க் கேட்கலாம். சாமி முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றைக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லலாம். ஜாதகக் கட்டு பெட்டிக்குள் எப்போதும் இருக்கிறது. பல்லி சொல்வதற்குத் திசைவாரியாகப் பலன் உண்டு. சைவர்களிடையே திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கிறிஸ்தவம் தலைமுறைகளாகப் பழகிப்போன ஊர்களும் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டின் புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் வருஷப் பிறப்பின் நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வருஷத்துக்கான கடவுளின் சொல் அது. வீட்டிலோ, கல்யாணம், வேலை, ஆபரேஷன், மலை ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போவதா திருப்பூருக்குப் போவதா என்று ஒரு முடிவு எதிரே வந்து நிற்கும்போது, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தைப் படிப்பவர்கள் உண்டு.

இவற்றில் எது மூடநம்பிக்கை, எது பக்தி என்று பட்டியல் போடுவது சுலபம். அது என் நோக்கமல்ல. ஒரு புத்தகத்தைத் திறந்து தன் வாழ்க்கைக்கு வழி தேடும் மனிதன் தன்னையே என்ன செய்துகொள்கிறான், பக்கத்தில் இருப்பவர்களை என்ன செய்கிறான் என்பதே என் கேள்வி.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெகுகாலமாகப் புழங்கி வருகிற சொல் 'தேவசித்தம்'. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'திருவுளம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. சித்தம், உளம் ஆகிய இரண்டு சொற்களுமே மனத்தைக் குறிப்பவை. ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு மனம் இருக்கிறது, அந்த மனத்தில் ஒரு விருப்பம் இருக்கிறது என்பது இந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது. விதி, தலையெழுத்து, ஊழ் என்ற சொற்கள் வேறு வகை. அவற்றில் எழுத்து உண்டு, கணக்கு உண்டு, மனம் கிடையாது. எழுதியதை வாசித்துச் சொல்ல ஒரு நிபுணன் போதும். ஒருவருடைய மனத்தை அப்படி வாசிக்க முடியாது. அவரோடு பழக வேண்டும்.

நடைமுறையில் நாம் சித்தம் என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே விதி என்ற பொருளைத் தேடுகிறோம். எனக்கென்று ஒரு பெண், ஒரு வேலை, ஒரு ஊர் ஏற்கனவே குறிக்கப்பட்டாயிற்று, அது எங்கோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, சரியான பக்கம் திறந்தால் தெரிந்துவிடும் என்ற எண்ணம் ஜாதகக் கட்டிலிருந்து வேதப் புத்தகத்துக்கு இடம் பெயர்ந்த எண்ணம். நம் மொழியே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. சீட்டுக் குலுக்கி எடுப்பதற்குத் தமிழில் பெயர் 'திருவுளச்சீட்டு'. தெய்வத்தின் மனம் ஒரு துண்டுக் காகிதத்தின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தக் காகிதத்தில் விருப்பு இல்லை, வருத்தம் இல்லை, மறுபரிசீலனை இல்லை. ஆம் அல்லது இல்லை மட்டும்தான்.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் ஒரு வசனத்தைப் பார்க்கலாம். எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். கடவுள் உங்களைப் பற்றி நினைத்திருப்பவை தீமையானவை அல்ல, நன்மையானவை, உங்களுக்கு ஒரு எதிர்காலம் உண்டு என்ற பொருளில் அது ஆறுதல் சொல்கிறது. பரீட்சைக்குப் போகிற பையனுக்கும் வரன் தேடுகிற வீட்டுக்கும் உகந்த வசனம். அட்டையில் இல்லாதது அதற்கு முந்தைய வசனம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊரின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது கடிதம். கடிதம் படித்துக் கேட்ட நாற்பது வயதுக்காரன் திரும்பப் போவதில்லை. அவனுக்கு வாக்களிக்கப்பட்ட எதிர்காலம் அவன் கல்லறைக்குப் பிறகு தொடங்குகிறது.

இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கடவுளின் பெயரால் சொல்கிறான். கூட்டம் கேட்க விரும்பியதைச் சொன்னவன் அவன். வேதம் அவனைப் பொய்யன் என்கிறது. 29ஆம் அதிகாரத்தின் வசனத்தைத் தனியே கத்தரித்து அட்டையில் ஒட்டும்போது எரேமியாவின் எழுத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறோம். எழுத்து மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. கத்தரித்த வசனத்தின் அபாயம் வேதத்துக்கே தெரியாததல்ல. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வருகிற பிசாசு சங்கீதத்திலிருந்து பிழையில்லாமல் மேற்கோள் காட்டுகிறது. கோபுரத்திலிருந்து குதிக்கச் சொல்ல அதற்கு ஒரு வாக்குத்தத்த வசனம் கிடைத்திருக்கிறது.

திறந்த பக்கத்தில் கடவுள் பேசியதாகச் சொல்லும் வரலாறு மிகப் பழையது. அதை உதாசீனப்படுத்த முடியாது. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகஸ்டின் எடுத்துப் படிக்கச் சொல்லும் ஒரு குழந்தைக் குரலைக் கேட்டு, ரோமருக்கு எழுதின நிருபத்தில் கண்ணில் பட்ட இடத்தைப் படித்தார். அவர் வாழ்க்கை திரும்பியது. ஆனால் அதே அகஸ்டின் பிற்பாடு யனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், உலகக் காரியங்களுக்கு விடை தேடிச் சுவிசேஷப் பக்கங்களில் குறி பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். 506இல் அக்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் இந்தப் பழக்கத்துக்குத் தடை விதித்தது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் அகஸ்டினுக்குத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது வருஷக்கணக்காக அவருக்குத் தெரியும், செய்ய முடியவில்லை. ஊர் தெரிந்தும் போகத் தயங்கியவர் அவர். வசனம் அவருடைய சாக்குப்போக்குகளைப் பறித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜான் வெஸ்லியின் கதை இதற்கு எதிர்ப்புறம். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவராவதற்கு முன், அமெரிக்காவில் ஜார்ஜியாவின் சவான்னாவில் பாதிரியாராக இருந்தபோது, சோஃபி ஹாப்கி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதா என்று தவித்தார். 1737 மார்ச்சில் மூன்று சீட்டுகள் எழுதிப் போட்டார்கள். கல்யாணம் செய், இந்த வருஷம் வேண்டாம், இனி இதை நினைக்கவே வேண்டாம். மூன்றாவது வந்தது. வெஸ்லி பணிந்தார். அந்தப் பெண் சில நாட்களில் வேறொருவரை மணந்துகொண்டாள். ஆகஸ்டில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு எழுந்தது. வருஷக் கடைசியில் அவர் ஊரை விட்டே போனார். சீட்டு ஒரு முடிவைத் தந்தது, ஆனால் மனத்தைத் தீர்க்கவில்லை. தீராத மனத்தின் சுமை, சீட்டெடுப்பில் கலந்துகொள்ளாத ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அவளுடைய விருப்பத்துக்கு அந்த மூன்று காகிதங்களில் ஒன்றிலும் இடம் இருக்கவில்லை. வழி கேட்பது கேட்கிறவனுக்கும் கடவுளுக்கும் இடையிலான அந்தரங்க விஷயம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இங்கே சார்த்ர் குறுக்கிடுவார். 1945 அக்டோபரில் பாரீஸில் ஆற்றிய உரையில் அவர் தம் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். தன்னை நம்பி இருக்கும் தாயோடு தங்குவதா, நாட்டை விட்டு வெளியேறி விடுதலைப் படையில் சேருவதா என்று கேட்டு வந்தவன் அவன். எந்த அறநூலும் அவனுக்குப் பதில் சொல்லாது என்றார் சார்த்ர். ஆலோசனை கேட்கப் பாதிரியாரிடம் போனால், எந்தப் பாதிரியாரிடம் போவது என்று தேர்ந்தெடுத்தபோதே பதிலையும் பாதி தேர்ந்தெடுத்தாயிற்று. வானத்திலிருந்து அடையாளமே வந்தாலும் அதற்கு அர்த்தம் கொடுப்பவன் அவன்தான். ஆகவே பொறுப்பு முழுவதும் அவனுடையது.

இந்த வாதத்தின் முதல் பாதியை மறுக்க எனக்கு வகை தெரியவில்லை. இன்ன வசனம் எனக்காக என்று சொல்லும்போது 'எனக்காக' என்ற பகுதியை நான்தான் சேர்க்கிறேன். பிடிக்காத வசனம் வந்தால் இன்னொரு முறை திறந்து பார்க்கும் விரலும் என்னுடையதுதான். ஆனால் வாதத்தின் இரண்டாம் பாதி, வெளியே இருந்து எதுவுமே வருவதில்லை என்ற முடிவு, வாசிப்பின் அனுபவத்துக்கு நியாயம் செய்யவில்லை. குறி கேட்பதற்கும் வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குறியில் கேள்வி என் கையில் இருக்கிறது; பதில் மட்டும் வர வேண்டும். வாசிப்பில் புத்தகம் என் கேள்வியையே தள்ளிவிடக்கூடும். ஒரு பணக்கார வாலிபன் இயேசுவிடம் வந்து நித்திய ஜீவனுக்கு வழி கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். கிடைத்த பதிலில் மறைபொருள் எதுவும் இல்லை. இருப்பதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வரச் சொன்னார். வாலிபன் துக்கத்தோடு போய்விட்டான். அவனுக்கு வழிகாட்டுதல் குறைவாக இருக்கவில்லை, தாங்க முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டு எகிப்தில் அந்தோனி என்ற இளைஞன் இதே பகுதியைக் கோயிலில் வாசிக்கக் கேட்டு, எழுந்து போய் நிலத்தைக் கொடுத்துவிட்டான். ஒரே வசனம்தான். ஒருவன் அதில் தனக்கு வசதியான அர்த்தம் காண முடியாமல் திரும்பினான், மற்றவன் வசதியைத் தேடவில்லை. அர்த்தம் முழுக்க வாசகன் கொடுப்பதாக இருந்தால் முதலாமவன் துக்கப்பட வேண்டிய அவசியமே இல்லை.

முடிவுக்கும் வசனத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் சம்பவம் டீட்ரிக் போன்ஹோஃபருடையது. ஹிட்லரை எதிர்த்த இந்த ஜெர்மானிய பாதிரியார், 1939 ஜூனில் நண்பர்களின் ஏற்பாட்டில் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார். யுத்தம் வரப்போவது தெரியும். ஹெர்ன்ஹூட் சபையார் 1731 முதல் வருஷந்தோறும் அச்சிட்டு வந்த தினவசனப் புத்தகத்தை அவர் நாள்தோறும் வாசிப்பவர். அந்த வசனங்கள் சீட்டுப் போட்டு எடுக்கப்படுபவை. (இதே சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.) ஜூன் 20ஆம் தேதி, அமெரிக்காவில் தங்கும் ஏற்பாட்டை மறுத்துவிட்டார். தம் உள்நோக்கங்கள் தமக்கே தெளிவாக இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆறு நாள் கழித்து, குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி வாசிப்பில் எதிர்ப்பட்டது. அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் துர்ப்பிரயோகம் செய்வதாகாது என்று குறித்தார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

வசனம் வந்தது முடிவுக்குப் பிறகு. ஆகவே அது முடிவைச் செய்யவில்லை. அப்படியானால் அது என்ன செய்தது? பவுலின் அந்த வரி சிறையில் இருக்கும் ஒரு கிழவர் எழுதியது. மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்து வரச் சொல்லும் சாதாரணக் கடிதத்தின் கடைசியில் இருப்பது. அதில் வாக்குத்தத்தம் இல்லை; ஆபத்தில் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லும் கேட்பு இருக்கிறது. போன்ஹோஃபர் தம் தனி முடிவை அந்தக் கேட்புக்குப் பதிலாக ஆக்கிக்கொண்டார். துணிச்சல் என்றோ குற்ற உணர்வு என்றோ தாமே சந்தேகித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு, பிறரை நோக்கிய ஒரு முகம் கிடைத்தது. பொறுப்பு குறையவில்லை. இந்த வசனம் அவரிடம் கேட்டதெல்லாம் அவருடையதே, வேறு யாருடையதும் அல்ல. வெஸ்லியின் சீட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காமயகவுண்டன்பட்டியில் காந்திக்கு ஒரு கோயில் இருக்கிறது. சுதந்திரப் போராட்டத்தில் பங்கெடுத்தவர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. சுருளி தீர்த்தத்துக்குப் போகிற வழியில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் வயல்களுக்கு நடுவில், வாழ்நாள் முழுவதும் வழி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மனிதர் வழிபடப்படுகிறவராக இருக்கிறார். வேதத்தில் பழைய ஏற்பாடு அவருக்குத் தூக்கத்தை வரவழைத்தது. மலைப் பிரசங்கம் மனத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிரியமான கிறிஸ்தவப் பாட்டு, நியூமன் 1833இல் காற்றில்லாமல் கடலில் நின்றுபோன கப்பலில் எழுதியது. தூரத்தைக் காட்டும்படி அந்தப் பாட்டு கேட்பதில்லை, அடுத்த அடியைக் காட்டினால் போதும் என்பதே அதன் வேண்டுதல்.

அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1933இல், எரவாடா சிறையில் ஓர் இரவில் தமக்கு ஒரு குரல் கேட்டதாகக் காந்தி சொன்னார். மே 8 முதல் 29 வரை 21 நாள் உபவாசம் இருந்தார். ராஜாஜி உள்பட நெருங்கியவர்கள் தடுத்தார்கள். கேட்டது கடவுளின் குரல்தான் என்பதற்கு ருசு எதுவும் தம்மிடம் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். நீண்டகாலக் கட்டுப்பாட்டில் தன்னைப் பழக்கிக்கொள்ளாதவன் உள்குரல் என்று பேச உரிமையற்றவன் என்ற கருத்தும் அவருடையதுதான். நம்பாதவனும் இதில் ஒன்றை ஏற்றுக்கொள்ள முடியும். குரலுக்கு விலை கொடுத்தது கேட்டவருடைய சொந்த உடம்பு.

அடுத்த வருஷம், 1934 ஜனவரி 15இல், பிஹாரில் பூகம்பம். ஹரிஜன யாத்திரையில் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, அந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். தாகூர் கண்டித்து எழுதினார். இயற்கையின் நிகழ்ச்சியில் ஒழுக்கத் தீர்ப்பை வாசிப்பது பகுத்தறிவுக்கு விரோதம் என்பது அவர் வாதம். தாகூர் சொன்னதே சரி என்பது என் கட்சி. 1933இல் கேட்டவர் தம் உடம்பை முன்வைத்தார். 1934இல் இடிபாடுகளில் செத்தவர்களின் உடம்பைத் தம் வாக்கியத்தின் எழுத்தாக வாசித்தார். காரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்தப் பிணங்களில் தீண்டாமையால் ஒடுக்கப்பட்டவர்களின் பிணங்களும் இருந்திருக்கும் என்பதை அந்த வாசிப்பு கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் தாகூரின் கண்டனத்தைக் காந்தி தம் பத்திரிகையிலேயே அச்சிட்டார். தன் குரலுக்கு எதிரான குரலுக்கு இடம் விட்டார். கோயிலில் சிலையாக இருப்பவரிடம் இந்தக் குணத்தைக் காண்பது கஷ்டம். சிலையோடு யாரும் வாதாடுவதில்லை.

எதிர்வாதம் கேட்க இடம் விடுவது என்ற இந்தக் குணம் வேதத்திலேயே இருக்கிறது. யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் சொல்கிறது. அந்தப் புத்தகத்தில் அதற்குப் பிறகு சீட்டு வருவதில்லை. 15ஆம் அதிகாரத்தில் பெரிய பிரச்னை ஒன்று எழும்போது கூடுகிறார்கள், தர்க்கம் செய்கிறார்கள், ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் கேட்கிறார். முடிவை எழுதும்போது, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் இது நலமாகத் தோன்றியது என்ற பொருளில் எழுதுகிறார்கள். 'எங்களுக்கும்' என்று சேர்த்தது அடக்கமின்மை அல்ல. பொறுப்பை முழுவதும் ஆவியின் மேல் போட்டுவிடாத நேர்மை அது.

நம் வீடுகளில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மகள் ஒரு வரனை வேண்டாம் என்கிறாள். தகப்பனார் ஜெபம் பண்ணினேன், கர்த்தர் வசனம் கொடுத்தார் என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது. அப்பாவோடு வாதாடலாம், கர்த்தரோடு எப்படி வாதாடுவது? ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று சொல்லும் வீட்டில்கூட இன்னொரு ஜோசியரிடம் போய்க் கேட்கலாம் என்ற சந்து ஒன்று உண்டு. வசனம் அதையும் அடைத்துவிடுகிறது. தகப்பனார் பொய் சொல்லவில்லை, மனப்பூர்வமாகவே நம்புகிறார். அவர் விருப்பம் அவர் கண்ணுக்கே தெரியாதபடி வசனத்தின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தன் விருப்பத்தைத் தன் பெயரில் சொல்லும் துணிவு இல்லாத இடத்தில் கடவுளின் பெயர் உபயோகமாகிறது. கடவுளின் நாமத்தை வீணாக வழங்கக்கூடாது என்ற கட்டளையைச் சாதாரணமாகப் பொய்ச் சத்தியத்துக்கும் வசைக்கும் பொருத்துகிறோம். இந்தத் தகப்பனாருக்கு அது இன்னும் நெருக்கமாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வேதத்தில் வழி தேடவே கூடாதா? நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையாக நட என்று மீகா தீர்க்கதரிசி பொதுவாகச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டு மீதியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமா? அந்தப் பொது விதி எந்த வேலை, எந்த ஊர் என்று சொல்லாது என்பது உண்மை. ஆனால் அது சொல்லாமல் விட்டதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வசனத்தைக் காலுக்கு விளக்கு என்கிறது 119ஆம் சங்கீதம். இந்தப் பள்ளத்தாக்கில் முறைத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு போனவர்களுக்கு அந்த உவமையின் கணக்குத் தெரியும். விளக்கு வயல் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அது தெரிந்துதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். இன்றைக்குப் போவதா வேண்டாமா என்பதையும் விளக்கு சொல்லாது. வரப்பு உடைந்த இடத்தையும், குறுக்கே கிடக்கும் பாம்பையும், பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தன் மடை இழுத்துக்கொண்டிருப்பதையும் காட்டும். கடைசியில் சொன்னதைப் பார்க்க மட்டும் சிலர் விளக்கைச் சற்றுத் திருப்பிப் பிடிப்பார்கள்.

வழி கேட்டு வேதத்தைத் திறப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஆகையால் சாதாரணமானவை. கிடைத்த வசனத்துக்கு முந்தைய வசனத்தைப் படித்தானா? அது அவனிடம் எதையாவது கேட்கிறதா, அல்லது இன்னொருவரிடம் மட்டும் கேட்கிறதா? அதனால் கஷ்டப்படப்போகிறவர் வாய் திறந்து மறுத்துப் பேச இடம் இருக்கிறதா? நாளை அது தப்பென்று தெரிந்தால், கர்த்தர் சொன்னார் என்று சொல்வானா, நான் செய்தேன் என்று சொல்வானா? இந்தக் கேள்விகளைத் தாங்குகிற வசனம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நம்புகிறவனும் நம்பாதவனும் சண்டை போட்டுக்கொள்ளலாம். தாங்காததை அட்டையிலேயே விட்டுவிடுவதில் இருவருக்கும் நஷ்டமில்லை.